வாளும் துருசும்: நடமாடும் மர ஆலை எழுப்பும் ஓர் அறவினா

கருவி நல்லதா தீயதா என்னும் வினா மெய்யியலிற் புதியதன்று. கத்தி பழத்தையும் அரியும், கழுத்தையும் அரியும். ஆதலாற் புகழும் பழியும் கத்திக்குரியன அல்ல, அதனைப் பிடித்த கைக்கே உரியன என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் விடை. இவ்விடை எளிமையானது, ஓரளவுக்கு உண்மையுமானது. ஆயினும் எல்லாக் கருவிகளும் கத்தியைப் போன்றன அல்ல. சில கருவிகள் தாம் நுழையும் ஊரில் அதுவரை நிலவிய பொறுப்புக்களின் ஒழுங்கையே மாற்றி விடுகின்றன. யார் யாரைக் கேட்க வேண்டும், யார் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், எது ஊரார் கண்ணிற் படும், எது படாது என்பனவெல்லாம் அக்கருவியின் வருகையோடு மாறுகின்றன. நடமாடும் மர ஆலை அத்தகைய கருவிகளுள் ஒன்று. காட்டினை நீர்ப்பிடிப்பாகவும் குளத்தினை உயிர்நாடியாகவும் கொண்ட இரணைமடுப் பிரதேசத்தை முன்வைத்து, அக்கருவி எழுப்பும் அறவினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கருவியின் இயல்பை நோக்குதல் பொருத்தமானது. நிலையான மர ஆலையில் வாள் ஓரிடத்தில் நிற்க, மரம் அதனை நாடிச் செல்கின்றது. நடமாடும் ஆலையிலோ குற்றி ஓர் இரும்புச் சட்டத்தின் மீது அசையாது கிடக்க, வாள் பூட்டப்பட்ட இயந்திரத்தலை அச்சட்டத்தின் வழியே நகர்ந்து பலகையை அரிந்து செல்கின்றது. உழவு இயந்திரத்தின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லத்தக்க இதனை இருவர் இயக்கலாம். இவ்வகை ஆலைகள் பலவற்றில் வட்டவாளுக்குப் பதிலாக நாடாவைப் போன்ற மெல்லிய வளையவாள் பயன்படுகின்றது. வட்டவாள் ஒவ்வோர் அரிவிலும் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் மரத்தைத் தூளாக்கினால், நாடாவாள் 2 மில்லிமீற்றர் அளவையே தூளாக்கும். 300 மில்லிமீற்றர் தடிப்புள்ள சதுரக் குற்றியொன்றை 25 மில்லிமீற்றர்ப் பலகைகளாக அரியும்போது, வட்டவாள் 9 பலகைகளைத் தருமிடத்து நாடாவாள் 11 பலகைகளைத் தரும். அதாவது, ஒரே மரத்திலிருந்து இரண்டு பலகைகள் மேலதிகமாகக் கிடைக்கின்றன. சிக்கனம், எளிமை, சிறு உடைமையாளனின் சுதந்திரம் ஆகிய மூன்றும் இக்கருவியின் சிறப்புக்களாக எடுத்துரைக்கப்படுவதற்குக் காரணம் இதுவே.

இக்கருவியைச் செய்வோரும் வாங்குவோரும் தமக்குள் ஒரு சமுதாயமாகவே அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் 1982 ஆம் ஆண்டில் தோன்றிய வுட்மைசர் நிறுவனம் இத்துறையிற் பெயர்பெற்றது. அந்நிறுவனம் இயந்திரத்தை விற்றதோடு நின்றுவிடவில்லை. வாளை விற்கின்றது, மழுங்கிய வாளை மீளத் தீட்டிக் கொடுக்கின்றது, உரிமையாளரின் அனுபவங்களைத் தாங்கிய இதழொன்றை வெளியிட்டு வந்துள்ளது, தாம் அரிந்த மரத்தாற் கட்டிய வீடுகளையும் களஞ்சியங்களையும் உரிமையாளர் காட்சிக்கு வைக்கும் போட்டிகளையும் நடத்தியுள்ளது. ஒருவர் புயலில் விழுந்த மரத்தை வீணாக்காது வீடாக்கிய கதையை மற்றவர் படிக்கின்றார். வாளின் பல்லை எவ்வாறு பேணுவதென்று ஒருவர் வினவ, முன்பின் அறியாத வேறொருவர் விடை கூறுகின்றார். தொழிலறிவை ஒளிக்காது பகிரும் இப்பண்பு போற்றத்தக்கதே. ஆனால் அச்செய்திகளின் உள்ளடக்கத்தைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். செய்தி பெரும்பாலும் பலகையிலிருந்தே தொடங்குகின்றது. பலகைக்கு முன்னர் நின்ற மரம் எங்கு நின்றது, அதன் நிழலிலும் வேரிலும் வேறு யாருக்குப் பங்கிருந்தது, அடிக்கட்டை நின்ற இடத்தில் இன்று யாதுளது என்பன செய்தியாவது அரிது. தன் சொந்தத் தோட்டத்து மரத்தைத் தானே அரிபவனுக்கு இவ்வினாக்கள் மிகையாகத் தோன்றலாம். காடு பொதுவாயும் வாள் தனியாயும் உள்ள நாட்டிலோ அறவினா தொடங்கும் இடமே அதுவாகின்றது.

வன்னி அத்தகைய நாடு. கிளிநொச்சி, மாங்குளம், புளியங்குளம் என ஊர்ப்பெயர்களிலேயே மரங்கள் வாழும் நிலம் அது. பாலையும் முதிரையும் கருங்காலியும் விண்ணாங்கும் அதன் காட்டில் வளர்வன; ஆற்றோரங்களில் மருது நிற்கும். இவற்றுட் பல மெதுவாக வளர்ந்து வைரம் பாய்பவை. பாட்டன் கண்ட மரமே பேரன் தறிக்கும் பருவத்தை அடையும். இந்நிலத்தில் வாள் மரத்தை நாடிச் செல்வது ஒரு வகையிற் பழைய வழக்கமேயாகும். மர ஆலைகள் பெருகுவதற்கு முன்னர், மரம் விழுந்த இடத்திலேயே கிடங்கு வெட்டி, குற்றியை அதன்மேற் கிடத்தி, மேலே ஒருவரும் கிடங்கினுள்ளே ஒருவருமாக நின்று நீண்ட வாளை இழுத்துப் பலகை அரிந்தனர். தூள் கண்ணில் விழ, வியர்வை வழிய, இருவர் நாள் முழுதும் உழைத்தால் அரியக்கூடிய பலகைகள் சிலவே. அந்த வாளும் நடமாடியது. ஆனால் அதற்கு வேகம் இருக்கவில்லை. பின்னர் வந்த நிலையான ஆலைக்கு வேகம் இருந்தது, அது நடமாடவில்லை. கிடங்குவாளின் நடமாட்டத்தையும் ஆலையின் வேகத்தையும் ஒருங்கே கொண்டது என்பதே இன்றைய கருவியின் புதுமை. முன்னைய இரண்டிலும் இயல்பாகவே அமைந்திருந்த தடை இதில் இல்லை.

அத்தடை எத்துணை பெரிதாக இருந்ததென்பதைச் சட்டத்தை நோக்கினாற் காணலாம். இலங்கையின் காடுகளை ஆளும் அடிப்படைச் சட்டம் 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டமாகும். பிற்காலத்தில் அது பலமுறை திருத்தப்பட்டுள்ளது. 1951 ஆம் ஆண்டின் மரம் தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தனியார் காணியிலும் அனுமதியின்றித் தறிப்பதைத் தடுக்கின்றது. மரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதும் இக்கட்டுப்பாட்டின் ஒரு கூறு. இந்தக் காவல் பெரும்பாலும் வீதியிலேயே நிகழ்கின்றது. 40 சென்ரிமீற்றர் விட்டமும் 4 மீற்றர் நீளமும் கொண்ட முதிரைக் குற்றி ஏறத்தாழ அரைத் தொன் நிறையுடையது. அதனை மறைத்துக் கொண்டுசெல்வது எளிதன்று. பாதை வேண்டும், வாகனம் வேண்டும், ஆள்கள் வேண்டும். குற்றியின் பாரமே காட்டுக்கு ஒரு காவலாளியாக நின்றது. காட்டினுள்ளேயே குற்றி பலகையாகி விடுமாயின் அக்காவல் தளர்கின்றது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களில் முதிரைக் குற்றிகள் கைப்பற்றப்பட்டன என்னும் செய்தி நாளேடுகளில் அடிக்கடி வருவது. அச்செய்திகளில் அகப்படுவது காட்டை விட்டு வெளியேறிய மரம் மட்டுமே. வெட்டப்பட்ட இடத்தில் நின்றவர் யார், அதனைக் கேட்டவர் யார் என்பன செய்திக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இவ்வளவில் நின்று, வாளை நிறுத்துவதே அறம் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் வன்னியின் வரலாறு அம்முடிவை எளிதில் ஏற்கவிடாது. போர்க்காலத்தில் அங்கு மரம் என்பது உயிரைக் காக்கும் பொருளாக இருந்தது. 1990 ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரத சேவை நின்றபின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. குடும்பங்கள் பனங்குற்றியையும் தென்னங்குற்றியையும் அடுக்கித் தம் பதுங்குகுழிகளை மூடின. ஷெல் வீச்சின் நடுவே தன் பிள்ளைகளின் தலைக்கு மேலே பனங்குற்றியை வைத்த தாயை நோக்கி, அது பெண்பனையா ஆண்பனையா, அனுமதி பெறப்பட்டதா என்று வினவும் அறம் அறமாகாது. 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் முகாம்களிலிருந்து மீண்ட மக்கள் கூரையற்ற சுவர்களையும் சுவரற்ற காணிகளையும் கண்டனர். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வடக்குக் கிழக்கில் வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டு, பயனாளிகள் தாமே கட்டுவிக்கும் முறையில் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு வேண்டும், யன்னல் வேண்டும், வளையும் கைமரமும் சலாகையும் வேண்டும். வளவில் நின்ற வேம்பையோ தேக்கையோ தறித்து, அதனை ஆலைக்கு ஏற்றிச்செல்லும் கூலி மரத்தின் பெறுமதியையே விழுங்கிவிடும் நிலையில், வாசலுக்கு வரும் வாள் அக்குடும்பத்துக்கு உண்மையான உதவியாகும். ஏழையின் ஒற்றை மரத்தைத் தேடி நிலையான ஆலை வருவதில்லை.

ஆகவே வினா நுண்மையடைகின்றது. பதுங்குகுழிக்குத் தறித்த வாள் கூரைக்கும் தறிக்கின்றது. கூரைக்குத் தறித்த வாள் சந்தைக்கும் தறிக்கின்றது. வாளின் ஓசை மூன்றுக்கும் ஒன்றே. தேவை எந்த இடத்தில் முடிந்து ஆசை எந்த இடத்தில் தொடங்குகின்றது என்பதை வாளே சொல்லாது. அதனைச் சொல்ல வேண்டியவர் யார்?

இவ்வினாவை ஏற்கெனவே எதிர்கொண்ட நாடொன்று பப்புவா நியூகினி. அங்கு நிலத்தின் மிகப் பெரும்பகுதி அரசுக்கோ தனியாருக்கோ உரியதன்று. குலங்களின் மரபுரிமையாக உள்ளது. வெளிநாட்டு மரக் கம்பனிகள் குலத்தலைவர்களோடு ஒப்பந்தம் செய்து காடுகளை அழித்த வரலாற்றை, நீதிபதி தோமஸ் பார்னெட் தலைமையில் 1987 ஆம் ஆண்டில் அமைந்த விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. ஏமாற்றும் ஊழலும் அத்தொழிலில் மலிந்திருந்தமையை அதன் அறிக்கை காட்டிற்று. அதே பத்தாண்டில் அந்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட சிறு மர ஆலையொன்று கிராமங்களிற் பரவியது. மக்கள் மொழியான தொக் பிசினில் அதனை ‘வோக்கபவுட் சோமில்’, அதாவது நடந்து திரியும் மர ஆலை, என்று அழைத்தனர். கம்பனிக்குக் காட்டை விற்பதற்குப் பதிலாக, தம் மரத்தைத் தாமே அரிந்து விற்றுப் பள்ளிக்கூடமும் வீடும் கட்டலாம் என்ற நம்பிக்கையை அது தந்தது. இங்கு நடமாடும் ஆலை விடுதலையின் கருவியாகவே தோன்றியது. ஆயினும் உதிரிப்பாகமும் பயிற்சியும் இன்றிப் பல இயந்திரங்கள் நின்றுபோயின. இயங்கியவற்றைப் பொறுத்தும், எந்த மரத்தை எவ்வளவு தறிப்பது என்ற திட்டம் இன்றேல் சிறு வாளும் காட்டைக் குலைக்கும் என்ற விமர்சனம் எழுந்தது. பெரியது தீது, சிறியது நன்று என்னும் எளிய சமன்பாடு அங்கும் நிற்கவில்லை.

சிறு இயந்திரத்தைப் பற்றிய இச்சிந்தனைக்குக் காந்தியடிகளின் உரையாடலொன்று துணைசெய்யும். 1924 ஆம் ஆண்டில் சாந்திநிகேதன மாணவரான ஜி. இராமச்சந்திரன், அவர் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று வினவினார். இவரே பிற்காலத்தில் தமிழ்நாட்டிற் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். காந்தியடிகள் விதிவிலக்காகச் சிங்கர் தையல் இயந்திரத்தைச் சுட்டினார். மனிதனின் உழைப்பைக் குறைக்கும் அன்பிலிருந்து அது பிறந்தது என்பது அவர் கருத்து. மாணவர் விடவில்லை. அவ்வியந்திரத்தைச் செய்வதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று மேலும் கேட்டார். அதற்கு அடிகள், அத்தகைய தொழிற்சாலைகள் தனியார் இலாபத்துக்கன்றிப் பொதுநலத்துக்கு உட்பட்டு, அரசின் கட்டுப்பாட்டில் இயங்க வேண்டும் என்ற வகையில் விடையிறுத்தார். அவர் தந்த தீர்வை ஏற்பதும் மறுப்பதும் வேறு விடயம். சிறு இயந்திரத்தின் அறம் அதனைச் செய்யும் இடத்தையும் தொடுகின்றது என்று அம்மாணவர் கண்டதே இங்கு முக்கியமானது.

செய்வோனின் பொறுப்பு எவ்வளவு? கத்தி செய்த கொல்லன், அதனை வாங்கிச் சென்றவனைப் பெரும்பாலும் மீண்டும் காண்பதில்லை. அவனது பொறுப்பு விற்பனையோடு முடிகின்றது என்பதில் ஒரு நியாயம் உண்டு. நடமாடும் ஆலையைச் செய்வோனின் நிலை அத்தகையதன்று. வாள் மழுங்கும், மழுங்கிய வாள் மீண்டும் அவனிடமோ அவனது முகவரிடமோ வரும். உதிரிப்பாகம் வேண்டும், ஆலோசனை வேண்டும். விற்பனைக்குப் பின்னரும் ஆண்டுக்கணக்காக உறவு தொடர்கின்றது. அந்த உறவினால் இலாபம் பெறுபவன், அந்த உறவினால் வரும் அறிவுக்கும் பொறுப்பாளனாகின்றான். ஓராண்டில் எத்தனை வாள்களை ஒருவன் தேய்த்தான் என்பதை அறிந்தவனுக்கு, ஏறத்தாழ எவ்வளவு மரத்தை அவன் அரிந்தான் என்பதும் தெரியும். அறிந்து கொண்டே கேளாதிருத்தல் அறியாமை ஆகாது. எனவே ‘கருவி நடுநிலையானது’ என்னும் பழைய விடை, செய்வோனை முற்றாக விடுவிக்கப் போதுமானதன்று.

சிக்கனத்தைப் பற்றிய வாதமும் இவ்வாறே மறுபரிசீலனைக்குரியது. ஒரு குற்றியில் இரண்டு பலகை மிச்சமானால் காட்டில் அத்தனை மரம் மிஞ்சும் என்று எண்ணத் தோன்றும். 1865 ஆம் ஆண்டில் நிலக்கரிப் பிரச்சினை பற்றி எழுதிய ஆங்கிலப் பொருளியலறிஞர் வில்லியம் ஸ்ரான்லி ஜெவன்ஸ் இதற்கு மாறான ஒன்றைக் கண்டார். நீராவி இயந்திரம் குறைந்த நிலக்கரியில் அதிக வேலை செய்யத் தொடங்கியதும் நிலக்கரியின் பாவனை குறையவில்லை. மலிவு காரணமாகப் பெருகியது. மரத்துக்கும் இது பொருந்தலாம். அரிதல் மலிவாகுமிடத்து, முன்னர் அரியத் தகாததென்று விடப்பட்ட மரமும் அரியத்தக்கதாகின்றது. இரண்டு பலகைகளின் சிக்கனம் காட்டுக்குச் சேருமா, சந்தைக்குச் சேருமா என்பதை நாடாவாளின் மென்மை தீர்மானிப்பதில்லை. எவ்வளவு போதும் என்று முடிவுசெய்யும் சமுதாயம் ஒன்று இருந்தாலன்றிச் சிக்கனம் அறமாக மலராது.

அத்தகைய சமுதாயத்தைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. இரணைமடுக் குளமே அதற்கு உதாரணம். கனகராயன் ஆற்றை மறித்து 1902 ஆம் ஆண்டிற் தொடங்கப்பட்டு 1920 ஐ அண்டி நிறைவுற்ற இக்குளம், பின்னர் பன்முறை அணைக்கட்டு உயர்த்தப்பட்டு, இன்று ஏறத்தாழ 20,000 ஏக்கர் வயலுக்கு நீர் பாய்ச்சுகின்றது. மழை பொழியும் காலபோகத்தில் வயல் முழுதும் விதைக்கப்படும். சிறுபோகத்திலோ நிலை வேறு. குளத்தில் எவ்வளவு நீர் உண்டு என்று அளந்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தைக் கூட்டி, நீர்ப்பாசன அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புக்களும் ஒன்றாக இருந்து, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியிற் துருசு திறப்பது, எந்தத் திகதியில் மூடுவது என்று முடிவு செய்கின்றனர். நீர் போதாத ஆண்டில் விதைக்கும் பரப்புக் குறைக்கப்பட்டுப் பங்கிடப்படுகின்றது. இக்கூட்டங்களிற் சச்சரவு இல்லை என்பதன்று; பங்கீட்டிற் குறைசொல்வாரும் வாய்க்காலில் நீர் களவாடுவாரும் எங்கும் உளர். ஆனால் நீர் தனக்கு வேண்டுமென்று ஒருவர் தனியே சென்று துருசைத் திறக்க இயலாது. திறப்பாராயின் அது களவு என்று ஊர் முழுவதற்கும் தெரியும்.

நீரைப் பற்றிய வினாக்கள் அங்கு வெளிப்படையாகவே எழுகின்றன. யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுவிலிருந்து குடிநீர் கொண்டுசெல்லும் திட்டம் 2010 களில் முன்வைக்கப்பட்டபோது, கமக்காரர் தம் சிறுபோகம் என்னாகும் என்று கேட்டனர். தாகத்துக்கும் பயிருக்கும் இடையே எது முந்தியது என்ற விவாதம் மேடைகளிலும் சபைகளிலும் நடந்தது. பின்னர்த் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. 2018 ஆம் ஆண்டு டிசம்பரிற் பெருவெள்ளம் வந்தபோது, வான்கதவுகள் உரிய வேளையிற் திறக்கப்பட்டனவா என்று மக்கள் வினவினர். இவ்விவாதங்களில் எப்பக்கம் நியாயம் என்பது இங்கு பொருளன்று. நீருக்கு ஒரு கணக்கு உண்டு, கணக்குக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பது அங்கு ஐயத்துக்கு இடமின்றி ஏற்கப்பட்டுள்ளது.

மரத்துக்கோ அத்தகைய கூட்டம் இல்லை. துருசைத் தனியே திறக்க அஞ்சும் அதே மனிதன் வாளைத் தனியே இயக்க அஞ்சுவதில்லை. நீர் பொதுச்சொத்து என்ற உணர்வு அவனிடம் உண்டு. காடு அரசின் சொத்து என்ற எண்ணமே உண்டு. அரசின் சொத்து என்பது பலருக்கு யாருடையதும் அல்லாத சொத்தாகத் தோன்றுகின்றது. இதன் முரண்பாடு ஆழமானது. ஏனெனில் நீரும் காடும் அங்கு இரண்டல்ல. கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடிவரும் வழியெங்கும் உள்ள காடே மழையை மெல்ல உள்வாங்கி, மண்ணைப் பிடித்து நிறுத்தி, ஆற்றுக்கு நீரை விடுகின்றது. மேற்காடு வெறுமையாகுமிடத்து வெள்ளம் விரைந்து வரும். அதனோடு மண்ணும் வரும். வந்த மண் குளத்தின் வயிற்றிற் படியும். படிந்த மண்ணின் அளவுக்கு நீர் குறையும்; குறைந்த நீரின் அளவுக்குச் சிறுபோகம் சுருங்கும். ஆற்றின் மேற்பகுதியில் ஒருவன் அரிந்த பலகையின் விலையை, கீழ்ப்பகுதியில் அவனை அறியாத ஒருவன் நெல்லாகச் செலுத்துகின்றான். பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் பங்கிடப்படும் நீர், கூட்டத்துக்கு வெளியே காட்டிலேயே ஏற்கெனவே குறைக்கப்பட்டு விடுகின்றது.

இங்கு ஓர் எதிர்வாதம் எழலாம். குளத்துக்கு அணை உண்டு, துருசு உண்டு, ஆகவே காக்கலாம். எல்லையற்ற காட்டுக்குத் துருசு எங்கே என்று வினவலாம். இது நியாயமான வாதமே. எனினும் விடையும் கருவியிலேயே உள்ளது. நடமாடும் ஆலை மறைத்துவைக்கத்தக்க சிறு பொருளன்று. அதன் விலை பெரிது. அதன் ஓசை தூரம் கேட்கும். ஊரில் அது யாரிடம் உள்ளதென்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். மரங்கள் பல்லாயிரம், வாள்களோ சில. காட்டின் துருசு மரத்திடம் இல்லை, வாளிடமே உண்டு. பொதுவளங்களைப் பற்றி ஆராய்ந்து 1990 ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டவரும் 2009 ஆம் ஆண்டிற் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவருமான எலினோர் ஒஸ்ட்ரம், பொதுவளத்தைக் காப்பதற்கு அரசின் காவலோ தனியுடைமையோ மட்டுமே வழியன்று என்று காட்டினார். பயன்படுத்துவோர் தாமே விதி வகுத்து, தாமே கண்காணித்து, மீறுவோரைப் படிப்படியாகத் திருத்தும் அமைப்புக்கள் உலகின் பல பாகங்களில் நிலைத்திருக்கின்றன. அந்நூலில் இலங்கையின் நீர்ப்பாசனத் திட்டங்களும், அவற்றின் இடர்ப்பாடுகளும் ஆராயப்படுகின்றன. இரணைமடுவின் பயிர்ச்செய்கைக் கூட்டம் அரசும் கமக்காரரும் இணைந்த அத்தகைய அமைப்பின் ஒரு வடிவமே.

முற்றான தடை என்னும் வழியையும் இங்கு கருதவேண்டும். 2019 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அப்போதைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, சங்கிலிவாள் இறக்குமதியைத் தடைசெய்வதாகவும் மர ஆலைகளை ஐந்தாண்டுகளுள் மூடச் செய்வதாகவும் அறிவித்தார். நாட்டின் காட்டுப்பரப்பைக் கூட்டுவது அதன் நோக்கம். அந்நோக்கத்தை யாரும் குறைகூற இயலாது. எனினும் ஐந்தாண்டுகள் கடந்தன. தச்சுத்தொழிலும் மறையவில்லை, மர ஆலைகளும் மூடப்படவில்லை. வீடு கட்டுவோர் உள்ளவரை பலகை வேண்டும். ஒளிவுமறைவற்ற வாளை மூடினால், ஒளிவுமறைவான வாளே எஞ்சும். தடை ஏழைத் தச்சனின் வாசலில் விரைவாக வந்து நிற்கும். பணமும் செல்வாக்கும் உள்ளவனின் வாசலைத் தாமதமாகவே தட்டும். தேவையை மறுக்கும் சட்டம், தேவைக்கும் பேராசைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையும் சேர்த்து அழித்துவிடுகின்றது. அவ்வேறுபாட்டைக் காப்பதே அறத்தின் பணி.

ஆகவே இக்கருவியின் அறம் மூவரிடையே பகிரப்படுவதாகும். வாளை இயக்குபவன், தான் அரிந்த ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கு வைத்தல் வேண்டும்: எந்தக் காணியில் நின்றது, என்ன மரம், யாருடைய அனுமதியோடு, எவருடைய தேவைக்கு, அவ்விடத்தில் நாட்டப்பட்டது யாது என்பன அதில் இடம்பெற வேண்டும். வாளைச் செய்பவனும் விற்பவனும், அக்கணக்கைக் காட்டுவோனுக்கே வாளைத் தீட்டிக் கொடுப்போம் என்று சொல்லும் துணிவைப் பெறல் வேண்டும். சிறந்த பலகைக்குப் பரிசளிக்கும் சமுதாயம், அடிக்கட்டையின் கதையையும் தன் இதழிற் கேட்க வேண்டும். மூன்றாமவர் ஊரார். கணக்கு எழுதப்படுவது மட்டும் போதாது. அது படிக்கப்படவும் வேண்டும். படிக்கப்படும் இடம் திணைக்களத்தின் அலுமாரியாக இருக்குமாயின் அதனாற் பெரும்பயன் விளையாது.

அதற்கென்று புதிய மன்றம் அமைக்க வேண்டியதுமில்லை. சிறுபோகத்துக்கு முன்னர்க் குளத்தின் நீர்மட்டம் வாசிக்கப்படும் அதே கூட்டத்தில், அவ்வாண்டு ஆற்றின் மேற்பகுதியில் அரியப்பட்ட மரங்களின் கணக்கும் வாசிக்கப்படலாம். போரிலே வீட்டை இழந்து, கூரைக்காகத் தன் வளவு வேம்பை அரிந்தவர் அக்கூட்டத்தில் தலைநிமிர்ந்து எழுந்து தன் கணக்கைச் சொல்வார். சபை அதனை ஏற்கும். சந்தைக்காக முதிரை அரிந்தவர் எழுந்து சொல்லத் தயங்குவார். அத்தயக்கத்தை உண்டாக்கும் ஆற்றல் இன்று எந்தச் சட்டத்துக்கும் போதிய அளவு இல்லை. துருசின் திறப்பை எவரிடமும் தனியாகக் கொடுக்காத கமக்காரருக்கு அவ்வாற்றல் உண்டு.